கோர்ட்டில் மட்டும் விவாகரத்து

செல்போன் அலறியது!

சகாயநாதன் எடுக்கவில்லை.

கடலூரில் ஃபர்னிச்சர் கடை வைத்து, கடனில் மூழ்கி, மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துக் கையை விரித்தவன் அவன். நாளைக்குக் கடன்காரர்கள் மொத்தமாகக் கூடுகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று பாடம் கேட்கத்தான் சிதம்பரம் கீழ வீதியில், வக்கீல் இசைவாணி முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

"வீடு எப்படி சார் கை மாறுச்சு?"

"விவாகரத்துல சவரிமேரிக்கு எழுதிக் குடுத்துட்டேன் மேடம்."

"விவாகரத்து ஆயும் அவங்க கையாலதான் சாப்புடுறீங்க?"

அசடு வழிந்தான்.

"கோர்ட்டுலதான மேடம் பிரிஞ்சோம்? கோயில்ல ஃபாதர் பண்ணி வெச்ச கல்யாணம் அப்படியே இருக்கு. எங்க ஆளுங்களுக்கு அதான் கணக்கு. வீட்டக் காப்பாத்த வேற வழி தெரியல."

"ஐயையோ! இத என்கிட்ட சொல்லாதீங்க. எனக்குக் காது கேக்கல!"

மறுபடியும் போன். மேரியின் நம்பர்! ஸ்பீக்கரைப் போட்டான்.

"சொல்லு மேரி..."

"மேரி இல்ல." கரகரத்த ஆண் குரல். "உன்கிட்ட காசக் குடுத்து ஏமாந்தவங்க பேசுறோம். உன் பொண்டாட்டி எங்ககிட்ட இருக்கா. புவனகிரி பாலத்து மேல நிக்கிறோம்... கீழ வெள்ளாறு ஓடுது... புரியுதா?"

சகாயநாதன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எ... என்னா வேணும்?"

"காசு வேணாம். 'விவாகரத்து டூப்பு, அவ என் பொண்டாட்டிதான்'னு வாயத் தொறந்து சொல்லு. ரெக்கார்ட் பண்ணிக்கிறோம். அவள உடனே விட்டுடுறோம்."

பின்னால் ஒரு விசும்பல். மேரிதான்! அவனுக்குத் தெரியாத அழுகையா அது?

இசைவாணி பதறினாள்.

"சொல்லிடுங்க சார்! உயிரு விஷயம்! வீடு போனா போவுது!"

சொன்னால் வீடு போய்விடும். மோசடி கேஸும் வரும்.

சகாயநாதன் போன் பக்கம் குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்தப் பொம்பளைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. என்னா வேணா செஞ்சுக்கங்க!"

அடப்பாவி!

விசும்பல் நின்றது.

"என்னாங்க..."

"மேரி?!"

"கடங்காரங்க யாரும் இல்லீங்க. பேசுனது ஸ்டாண்டு ஆட்டோக்காரரு. நான்தான் பேசச் சொன்னேன்."

"வெளாடுறியா நீ?"

"இவரு மேல எனக்குப் பாசமே இல்லன்னு ஜட்ஜு முன்னால பொய் சொன்னேன். அன்னிலேர்ந்து கோயில்ல ஃபாதர் கையால நன்மை அப்பம் வாங்கக்கூட கூசுது. அந்தப் பொய்ய உங்களுக்காகத்தான் சொன்னேன். எனக்காக நீங்க ஒரு நிஜத்த சொல்லுவீங்கன்னு நம்பிட்டேன்... பைத்தியக்காரி!"

சவரிமேரி வாய்விட்டு அழுதாள்.

"மேரி... வீடு உனக்காகத்தாம்மா..."

"என் பேர்லதான இருக்கு? நாளைக்கு வந்து கடங்காரங்ககிட்டயே குடுத்துடுறேன். அண்ணன் வீட்டுல ஒரு மூலை எனக்குப் போதும். அங்க வந்து நிக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

லைன் கட்!

திரும்பக் கூப்பிட்டான். ஸ்விட்ச் ஆஃப். திரும்ப... ஸ்விட்ச் ஆஃப். வீடும் போச்சு, மேரியும் போச்சு. தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

இசைவாணி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். ஃபைலை மூடினாள்.

"ஒரு நல்ல விஷயம் சார்... விவாகரத்து நிஜமான்னு நாளைக்கு எவன் கேட்டாலும், நீங்க பொய் சொல்ல வேண்டியதில்ல!"