பகல் பன்னிரண்டு மணி மன்னிப்பு

செவ்வாய்க் குடியிருப்பில் மன்னிப்புக் கேட்டு அது கைகூடாவிட்டால், கேட்டதே மறந்துபோகும். பல் துலக்குவது மாதிரி அங்கே இது சாதாரணம். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் மனச்சில்லு, ஒருவரின் சமாதானக் கோரிக்கையை எதிராளியின் சில்லுக்குக் கொண்டுபோகும். அதுவும் ‘தயார்’ என்றால் இருவர் மனத்தாங்கலும் ஒரே கணத்தில் கரையும். பதில் வராவிட்டால் இரு தலையிலும் தடமே இருக்காது. வலியப் போய் மூக்குடைபட்ட அவமானம் யாருக்கும் மிஞ்சாது. பதிவகத்தில் மட்டும் ஒரு நகல் இருக்கும். அதை இருவரில் ஒருவர் இறந்த பிறகே பிரிப்பார்கள்.

செண்பகவல்லி ஒன்பது ஆண்டுகளாக அண்ணன் திருமேனியோடு பேசவில்லை. அம்மாவின் அஸ்தியை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பூமிக்கு அனுப்பிவிட்டான் என்று கோபம். ஒருமுறை கேட்டிருந்தால் உடனே தயார் என்றிருப்பேன், கல்நெஞ்சக்காரன் கேட்கவே இல்லையே என்று பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பினாள்.

போன வாரம் திருமேனி இறந்துபோனான்.

பதிவக அதிகாரி ஜெபராஜ் திரையைத் திருப்பிக் காட்டினார். அண்ணனிடமிருந்து ஒன்பது கோரிக்கைகள். ஆண்டுக்கு ஒன்று, அம்மாவின் திதியன்று, பகல் பன்னிரண்டு மணிக்கு, இயந்திரக் காக்கைக்குச் சோறு வைத்த கையோடு. பக்கத்திலேயே அவளுடையவை ஒன்பது. அதே நாள், அதே பன்னிரண்டு மணி.

“கேட்டுட்டுக் காத்திருக்கிற சில்லு, வேற யாருக்கும் பதில் சொல்லாதும்மா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டு, ரெண்டு பேரும் காத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. மூணு நிமிஷத்துல ரெண்டும் அழிஞ்சிருச்சு.”

செண்பகவல்லி மேசையில் தலை சாய்த்து அழுதாள். ஒரே ஒரு வருஷம் சோறு கொஞ்சம் தாமதமாக வெந்திருந்தால் போதுமே என்று அவளுக்கு ஆறவில்லை. கேட்டதை ஏன் மறக்கடிக்கிறீர்கள் என்று சண்டை பிடித்தாள். முதலில் இறங்கி வந்தது யார் என்று வெளியே தெரியக் கூடாதென்று மக்கள்தான் மனுக் கொடுத்து வாங்கினார்கள் என்றார் ஜெபராஜ். அந்த மனுவில் தானும் கையெழுத்துப் போட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

“உங்க அண்ணி வெளியே உட்கார்ந்திருக்காங்க. உங்க பதிவை அவங்களுக்குக் காட்டட்டுமா? நீங்களும் கேட்டீங்கன்னு தெரிஞ்சா மனசு ஆறும்.”

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அவங்க கேட்டாங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப, முதல்ல அவங்க கேக்கட்டும்” என்றாள்.