மலைப் பங்கு

ஏப்பத்தில் வறுத்த கறியின் வாசம் அடித்தது.

காலையிலிருந்து அவன் வாயில் பட்டது சின்னக் கிண்ணத்தில் பாதி, மசித்த காய்கறிக் கூழ் மட்டும்தான். அதையும் மனைவி தேக்கரண்டி நுனியில் தொட்டுத் தொட்டுக் கொடுக்க, வாயிலேயே தண்ணீராகும்வரை மென்று, தொண்டையிடம் அனுமதி கேட்பவன் போல இறக்கியிருந்தான். ஆனாலும் அந்த வாசம், கொழுப்பு உருகிப் பொரியும் வாசம், வெங்காயம் அடிப்பிடித்துக் கருகும் வாசம், வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி நெஞ்சைத் தடவிக்கொண்டு மேலேறி, ஜன்னல் சாத்திய அந்தச் சமையலறையில் மூன்றாவது ஆள் மாதிரி வந்து நின்றது.

மனைவி தேக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எங்க போய்த் தின்னீங்க?”

“எங்கயும் போகல.”

“எங்கிட்ட மறைக்காதீங்க. முக்கா வயித்த வெட்டி எடுத்தப்ப கதவுக்கு வெளிய உக்காந்திருந்தது நான். தையல் பிரிஞ்சா இன்னொரு தடவ உக்கார எனக்குத் தெம்பு இல்ல.”

அவன் சத்தியம் எதுவும் செய்யவில்லை. தின்பதைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன பொய்களை அடுக்கினால் வீடு கொள்ளாது. இந்த முறை சொன்னது பொய்யில்லை.

இறைச்சியை உறைய வைக்கும் குளிர்கிடங்கில் அவன் சுமைகூலி. கூட்டாளிகள் வைத்த பெயர் மலை. இரண்டு ஆள் பெட்டியை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றுவான், மூன்று ஆள் சோற்றை ஒற்றை ஆளாக உள்ளே தள்ளுவான். ஒருநாள் ஏணியின் நடுவிலேயே மூச்சு நின்று நின்று வந்தது. இந்த உடம்பை இந்த இதயம் ரொம்ப நாள் இழுக்காது என்றார் டாக்டர். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் பருமனுக்கு ஒரு குழாயாகத் தைத்து அனுப்பினார்கள். “ஒரு தடவைக்கு ஒரு கிண்ணம். அதுக்கு மேல ஒரு வாய் போனா நெஞ்ச அடைக்கும். அதையும் மீறித் தள்ளினா உள்ள கிழியும். கிழிஞ்சா உள்ளயே அழுகும். புரியுதா?” புரிந்தது. சாக அவனுக்கு விருப்பமில்லை. கிடங்குக்குத் திரும்ப வேண்டும், தன் இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

உடம்பு இறங்கியது. முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கழுத்து தெரிந்தது. மனைவி இடுப்பைக் கட்டினால் அவள் இரண்டு கைகளும் பின்னால் தொட்டுக்கொண்டன. ஆனால் மதியமானால் அந்த ஏப்பம். ஞாயிறு மட்டும் வருவதில்லை. மற்ற நாட்களில் தவறாமல், கிடங்கில் சோற்றுமணி அடிக்கும் நேரத்துக்கு, அவன் நாக்கில் உப்பு ஊறும். மெல்லும் சத்தம் காதுக்குள் கேட்கும். எலும்பைக் கடித்து உறிஞ்சும் சத்தம். கையை மோந்தால் விரலிடுக்கில் குழம்பு வாசம்.

பிறகு தோள். ஒரு மாலை சட்டையைக் கழற்றியபோது மனைவி சும்மா நின்று பார்த்தாள். வலது தோளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. பெட்டியின் விளிம்பு பதிந்த கோடு. அவன் பகல் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“எங்க போறீங்க நீங்க, நான் தூங்கறப்ப?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

மறுநாள் கிடங்கிலிருந்து பல்லன் பார்க்க வந்தான். முன்பல் இரண்டும் உதட்டுக்கு வெளியே குடியிருக்கும் ஆள். வாயை மூடினாலும் சிரிப்பது போலவே இருக்கும். கதவு திறந்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“யோவ், மலைய எங்க காணோம்? மேடு கூட இல்லியே.”

“உக்காருடா.”

“நீ வாசல்ல நிக்காத, காத்து அடிச்சா பறந்துருவ.” உட்கார்ந்தான். “அவசரப்பட்டு வேலைக்கு வராதண்ணே. உன் பங்கு நல்லா ஓடிட்டு இருக்கு.”

கிடங்குக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. எல்லாருக்கும் ஒரே அண்டாவில் சமையல். ஒருவன் வராத நாளில் அவன் பங்கையும் தட்டில் போட்டு நடுவில் வைப்பார்கள். அதைத் தின்பவன் வராதவனின் சுமையைத் தூக்க வேண்டும். எழுதாத சட்டம், எவனும் மீறியதில்லை.

“யாருடா திங்கறது?”

பல்லன் முட்டியைச் சொறிந்தான். “உன் சுமை ரெண்டு ஆள் சுமையாச்சே. எவன் தொடுவான்? மேஸ்திரி வீம்புக்குத் தினம் போட்டு வெச்சாரு. ஒருநாள் கடுப்புல, அவன் பங்க அவனே வந்து தின்னுட்டுப் போகட்டும்னு தட்டக் கொண்டுபோய்க் கடைசி அடுக்குக்குப் பின்னால வெச்சாரு. சாயங்காலம் தட்டு நக்கின மாதிரி சுத்தம். எலின்னு நெனச்சோம்.”

“எலிதான்.”

“எலி பெட்டி தூக்குமாண்ணே?”

அவன் கை வலது தோளுக்குப் போனது.

“உன் பெட்டி அத்தனையும் அடுக்குல ஏறி இருந்துச்சு. நீ அடுக்கற மாதிரியே, மூலைய இடது பக்கம் திருப்பி. அன்னிலேருந்து தினம் அப்படித்தான். முதல்ல பயந்தோம். அப்புறம்…” பல்லன் தோளைக் குலுக்கினான். “முதுகு வலி கொறஞ்சுது. அதுக்கப்புறம் எவன் பயப்படறான்?”

அந்த வாரமே அவன் கிடங்குக்குப் போனான். பெரிய கதவின் பிளாஸ்டிக் திரையை விலக்கி உள்ளே நுழைந்ததும் குளிர் எலும்பைப் பிடித்தது. முன்பெல்லாம் குளிர் அவன் தோலோடு நின்றுவிடும். உள்ளே வர இடம் இருக்காது. இப்போது தொங்கும் தோலுக்கடியில் அது வீட்டுக்காரன் மாதிரி நடமாடியது. மேலே மின்விசிறிகள் உறுமிக்கொண்டிருந்தன. எந்நேரமும் ஒரே வெளிச்சம். மூச்சு வெள்ளையாக வந்து முகத்திலேயே படிந்தது. கடைசி அடுக்குக்குப் பின்னாலிருந்தும் ஒரு மூச்சு வந்தது, வெள்ளையாக, அவனுடையதைவிடப் பெரிதாக. அவன் மூச்சை நிறுத்தினால் அதுவும் நின்றது. குளிர்காற்று சுழல்வதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தார். சுமந்து சுமந்து கழுத்து தோளுக்குள் இறங்கிப்போன மனிதர்.

“எதுக்குடா வந்த?”

“என் பங்கப் போடறத நிறுத்துங்க மேஸ்திரி.”

“ஏன்?”

“அது தின்னத் தின்ன நான் கரையறேன். டாக்டரே மிரள்றாரு. கொழுப்பு போயாச்சு, இப்ப சதை போகுதுங்கறாரு. இப்படியே போனா ஒண்ணும் மிஞ்சாதுங்கறாரு.”

“கரையத்தானேடா கத்தி வெச்சுக்கிட்ட.”

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பசி நேரத்துச் சிரிப்பு. அதற்குள் பல்லன் அண்டாவைத் திறந்து, அகலத் தட்டில் சோற்றைக் குவித்து, கறியை அள்ளிக் கவிழ்த்து, ஆவி பறக்கக் கடைசி அடுக்கின் மறைவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். வரும்போது முதுகைக் காட்டாமல் வந்தான்.

மணி அடித்தது.

அவன் தொண்டையில் முதல் வாய் இறங்கியது. அவன் மெல்லவில்லை, கையில் எதுவும் இல்லை, ஆனால் இறங்கியது. சூடாக, பெரிதாக, முன்பு அவன் தின்ற அதே அவசரத்தோடு. அடுக்குக்குப் பின்னால் மரப்பெட்டி முனகியது. கனத்த ஆள் உட்கார்ந்தபடி எடையை மாற்றும்போது முனகும் முனகல். அந்த முனகல் அவனுக்குத் தெரியும். இருபது வருஷம் அவன் பிட்டத்துக்கடியில் கேட்டது. இடுப்பில் கால்சட்டை தளர்ந்தது. கயிற்றை அவன் காலையில்தான் இழுத்துக் கட்டியிருந்தான்.

“பாருங்க,” என்றான். “பாருங்க மேஸ்திரி.”

மேஸ்திரி சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது முணுமுணுக்கறதில்ல. லீவு கேக்கறதில்ல. உன்ன மாதிரி ஏணியில நின்னு மூச்சு வாங்கறதில்ல. உனக்காக அத எதுக்கு நிறுத்தணும்?”

“நான் உசுரோட இருக்கேன்.”

“இருந்தா, வந்து உன் பங்க நீ தின்னு. எல்லார் முன்னாலயும். மிச்சம் வெக்காமத் தின்னா பங்கு உன்னது, சுமையும் உன்னது. அதுக்கப்புறம் வேற எவனுக்கும் தட்டு கெடையாது. அதுதான் முறை.”

“பாதி போடுங்க. கிண்ணம் அளவு.”

“மலைப் பங்குன்னா மலைப் பங்குதான்.”

இரவு முழுக்க மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கதவைப் பூட்டிவிடுவாள். விடியும்போது குளியலறையில் ஷவருக்கடியில் நின்று தன் உடம்பைத் தொட்டுப் பார்த்தான். விலா எலும்புகளுக்கு நடுவே விரல் போனது. தின்றால் கிழியும். தின்னாவிட்டால் தேயும். கிழிந்தாலாவது ஆஸ்பத்திரி இருக்கிறது, தைப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். தேய்வதற்கு வைத்தியம் எங்கே? அப்படித்தான் அவன் யோசித்தான். கூலிக்காரனின் கணக்கு.

மறுநாள் மதியம் தட்டு அவன் முன்னால் வந்தது.

கூட்டம் வட்டமாக உட்கார்ந்தது. யாரும் தங்கள் தட்டைத் தொடவில்லை. முதல் உருண்டையை நெடுநேரம் மென்றான். இறங்கியது. இரண்டாவது. மூன்றாவதில் நெஞ்சுக்கூட்டின் நடுவே முஷ்டி இறுகியது. வாயில் நுரை கட்டியது. நெற்றி வியர்த்து, வியர்வை அங்கேயே குளிர்ந்தது. குனிந்து காத்திருந்தான்.

“வேணாம்னா விட்டுரு,” என்றார் மேஸ்திரி. “அடுக்குக்குப் பின்னால காத்துட்டிருக்கு.”

காத்திருந்தது. மரப்பெட்டி முனகி முனகி அடங்கியது. பசித்த மூச்சு அடுக்கின் இடுக்கு வழியாகப் புகைந்து வந்தது. அவன் நான்காவது உருண்டையைத் தள்ளினான்.

முஷ்டி திறந்தது.

வலி போய்விட்டது. அடைப்பு போய்விட்டது. கிணற்றில் போடுவது போல இறங்கியது, அடி தட்டாமல். அள்ளி அள்ளிப் போட்டான். கறி, கொழுப்பு, எலும்பின் ஓரம். அறுவைக்குப் பிறகு முதன்முறையாக நாக்கு முழுக்க ருசி. கண்ணில் தண்ணீர் வந்தது. பல்லன்கூட வாய் மூடிப் பார்த்தான். கடைசிப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்து, விரலையும் சப்பி, தட்டைத் தூக்கிக் காட்டினான்.

“தின்னாச்சு.”

“தின்னாச்சு,” என்றார் மேஸ்திரி. “அப்ப தூக்கு.”

“எந்தப் பெட்டி?”

அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். கண்கள் அவன் முகத்தில் இல்லை. அவன் தலைக்கு மேலே, இன்னும் கொஞ்சம் மேலே.

முதுகில் சூடு பட்டது.

அந்தக் குளிரில், அத்தனை சூடு. மெதுவாகச் சாய்ந்தது. மெத்தென்று, ஈரமாக, மடிப்பு மடிப்பாக. அவன் தோள்பட்டைகளின் மேல் ஒரு தொப்பை வழிந்து படிந்தது. தொடைகள் இடுப்பைச் சுற்றின. கைகள் கழுத்தைக் கட்டின. ஒவ்வொரு மடிப்பும் அவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் அவன்தான் வருஷக்கணக்கில் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான்.

முட்டி மடங்கியது.

“நட,” என்றார் மேஸ்திரி.

“மேஸ்திரி.”

“உன் சுமைதானே. நட.”

நடந்தான். ஒரு அடி. நின்றான். ஒரு அடி. கூட்டம் எழுந்து பெட்டிகளுக்குத் திரும்பியது. அவனைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள், வழி விட்டார்கள், சுமப்பவனுக்கு விடும் வழி. ஒருவன் இடித்துவிட்டு, “பாத்துண்ணே,” என்றான்.

காதோரம் மெல்லும் சத்தம். மென்று முடிக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பிறகு பசித்த மூச்சு.

தோளுக்கு மேலாக ஒரு கை இறங்கி வந்தது. கொழுத்த கை. விரல்களில் ஒரு சோற்று உருண்டை. ஆவி பறந்தது. அது அவன் உதட்டில் வந்து நின்றது.

பல்லைக் கடித்தான்.

விரல்கள் அவசரப்படவில்லை. மனைவி கொடுப்பது போல உதட்டைத் தடவின. ஒதுக்கின. கட்டைவிரல் கடைவாயில் நுழைந்து தாடையை இறக்கியது. உருண்டை உள்ளே போனது. விலாவுக்கடியில் ஒரு தையல், ஒரே ஒரு தையல், மெல்ல அறுந்தது. அடுத்த உருண்டையோடு கை இறங்கி வந்துகொண்டிருந்தது.

அவன் தாடை மென்றது.