ஜூன் ஒன்றில் ஏழு கண்ணாடிகள்

காலை 6.13. ஒரகடம் தொழிற்சாலையின் மூன்றாவது லைனில் இன்னொரு கார் கண்ணாடி ரிஜெக்ட் ஆனது. ஓரத்தில் இயந்திரம் போட்ட கறுப்புப் பசைக்கோட்டில் சுண்டுவிரல் நகமளவு இடைவெளி. அந்த வழியாக மழை காருக்குள் வந்துவிடும்.

பழி மதிவதனி மேல். ஷிஃப்ட் தொடங்கும்போது பசைக்குழாய் முனையைத் துடைப்பது அவள் வேலை. அவள் துடைப்பதில்லை என்று அறிக்கை எழுதியவன் கன்ட்ரோல் இன்ஜினியர் தமிழ்வாணன். பதினொரு மணிக்கு விசாரணை. அதோடு அவள் வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

7.40. தரப்பிரிவு சரோஜா கையில் ஒரு தாளோடு தமிழ்வாணன் மேசைக்கு வந்தாள்.

"இன்னா தமிழு, மெஷின விசாரிச்சியா, இல்ல பொண்ண மட்டும்தானா?"

"எல்லா ரிஜெக்ட்டும் ஆறு பத்துலேர்ந்து ஆறு பதினஞ்சுக்குள்ளக்கா. எல்லாம் அவங்க ஷிஃப்ட்."

"கைக்கொழந்தக்காரி, தெனம் காலை ஷிஃப்ட்தான். அப்போ ரிஜெக்ட் தெனம்ல வரணும்? ஏப்ரல்ல மூணு நாளு, மே மாசம் ஒம்போது நாளு. ஜூன் ஒண்ணாந்தேதி மட்டும் ஏழு கண்ணாடி. காலண்டர் பாத்துகினா துடைக்காம வுடுவா?"

"பசை சரியில்லாம இருந்திருக்கும்."

"அதே பீப்பாதான் ரெண்டாவது லைனுக்கும். அங்க ஒண்ணுமில்ல. அந்த அஞ்சு நிமிஷம் இங்க இன்னா நடக்குது?"

"புதுசா ஒண்ணுமில்லக்கா. யாருக்காவது பர்த்டேன்னா லைன் டிவில போட்டோ, பாட்டு ஓடும். அவ்வளவுதான்."

சரோஜா தாளை மேசைமேல் வைத்தாள். ரிஜெக்ட் ஆன ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் அன்று பிறந்தநாள் கொண்டாடியவரின் பெயர்.

"எனக்கும் ஜூன் ஒண்ணுதான் பர்த்டே. ஸ்கூல்ல சேக்கறப்போ ஹெட்மாஸ்டரா பாத்து எழுதினது. எங்கம்மாவ கேட்டா தை மாசம், நெல்லு அறுப்புன்னு சொல்லும். வடக்குப்பட்டு, மண்ணூர்னு இந்தச் சுத்துப்பட்டு ஊர் ஆளுங்க பாதிப் பேருக்கு இதே கதை. அன்னிக்கு எங்க மூஞ்சியெல்லாம் காட்டி முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. சொல்லு, அந்த டிவி எந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுது?"

தமிழ்வாணனுக்குக் காது மடல்கள் சுட்டன. "பசைய ஓட்டற அதே கம்ப்யூட்டர்லதான்க்கா."

8.05. கழித்துப் போட்ட கண்ணாடிகளை வைத்துச் சோதித்தார்கள். பாட்டு இல்லாமல் பத்து. கோடு சீராக வந்தது. பாட்டோடு பத்து; நான்கில் இடைவெளி.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்க்கா."

11.00. மேலாளர் ஜெபகுமாரின் அறை. நாற்காலி இருந்தும் மதிவதனி நின்றுகொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடது சார்," என்றான் தமிழ்வாணன். "பசைய ஓட்டறது சாதாரணக் கம்ப்யூட்டர். எல்லா வேலைக்கும் மாத்தி மாத்தி நேரம் குடுக்கும். ஆனா பசைக்குழாய்க்குப் பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை தவறாம நேரம் கெடைக்கணும். ஏப்ரல்ல டிவிய அதுலதான் மாட்டினேன். மொத நாள், எம்.டி. முன்னாடி படம் திக்கித் திக்கி ஓடிச்சு, எல்லாரும் சிரிச்சாங்க. அந்த வெக்கத்துல, வீடியோவுக்குப் பசையவிட மேல முன்னுரிமை குடுத்துட்டேன். அது ஓடற நேரம் பசை காத்துக்கெடக்குது."

"இப்போ?"

"டிவிய வேற மெஷினுக்கு மாத்திட்டேன் சார். பிராசஸர்ல ஒரு கோர், அதாவது அதோட மூளைல ஒரு பகுதி, இனிமே பசைக்கு மட்டும்தான். வேற எதுவும் அதத் தொடாது."

ஜெபகுமார் அறிக்கையைக் கிழித்தார். "மதிவதனி, நீங்க லைனுக்குப் போகலாம்."

அவள் போகவில்லை. தமிழ்வாணனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"நெசமாவே நான் துடைச்சிகினுதான் இருந்தேனா சார்?"

"ஆமாங்க."

"நீங்க படிச்சவரு, எழுதிட்டீங்க. மறந்திருப்பேனோன்னு நானே நம்பிட்டேன். நேத்து எங்க வூட்டுக்காரர்கிட்ட, தப்பு எம்மேலதான்னு சொல்லி அழுதேன்."

தமிழ்வாணன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.