பென்சில் அளவுகள்

புற்றுநோய்ப் பிரிவின் கடைசி அறை அது. தங்கையின் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா உள்ளே நுழைந்தபோது காலை பத்து மணி. ஆனாலும் வெளிச்சம் உள்ளே வர மனமில்லாமல் ஜன்னலோடு நின்றுவிட்டிருந்தது. மருந்து நெடிக்கு அடியில் பென்சில் சீவியதுபோல் ஒரு வாசனை.

அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். தூங்குவதுபோல் பாசாங்கு செய்பவர்களை இருபது வருடமாக எழுப்பி வருபவள். சந்தேகம் அவளுக்குக் கூடப்பிறந்தது, அதுவும் தங்கைக்கு முன்பே பிறந்தது என்று வீட்டில் கேலி பேசுவார்கள்.

"கிருமியைக் கொல்ல நம்ம தோலே சில பொருளைச் சுரக்குது. அதைப் பார்த்துச் செஞ்ச மருந்து இது," என்றார் டாக்டர். "கட்டிக்குள்ள போட்டா புற்றுச் செல் உடையும். அதைப் பார்த்து உடம்போட காவல் முழிச்சுக்கும், மிச்சத்தை அதுவே தேடிப் பிடிக்கும்னு நம்பறோம். இன்னும் சோதனையிலதான் இருக்கு."

"என் தங்கச்சி என்ன எலியா?"

"சும்மா இரு அக்கா. வேற மருந்தெல்லாம் பார்த்தாச்சு," என்றாள் தங்கை.

கட்டி அவள் முன்கையில் இருந்தது. முதல் நாள் அளவு, பதினெட்டு மில்லிமீட்டர். தினமும் பதினொரு மணிக்கு நர்ஸ் அளந்து ஒரு தாளில் எழுதுவாள். டாக்டர் தனியே அளந்து வேறு தாளில் எழுதுவார். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியக்கூடாது என்பது அங்கே கறாரான விதி.

ஐந்தாம் நாள், நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் அக்கா கோப்பைப் புரட்டி, தாள்களைத் தனித்தனியே மூடிவைத்திருந்த உறைகளைத் திறந்தாள்.

மூன்றாவதாக ஒரு தாள் இருந்தது. பென்சில் எழுத்து. மற்ற இரண்டோடும் இம்மி பிசகாத எண்கள். ஆனால் நாளைய தேதிக்கும் எழுதியிருந்தது: பதினான்கு.

மறுநாள் இருவரும் அளந்தார்கள். பதினான்கு.

டாக்டர் போனதும் அக்கா நர்ஸை மடக்கினாள்.

"மூணாவதா அளக்கிறது யாரு?"

நர்ஸின் முகம் வெளுத்தது. "ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலைன்னா அளக்க ஒருத்தர் இருந்தாரு, மேடம். போன வருஷம் தவறிட்டாரு." குரல் இறங்கியது. "அழிச்சு மாத்திடலாம்னு பென்சிலையே இங்க உள்ள விடமாட்டோம்."

அக்கா மறுபடி அந்தத் தாளை எடுத்தாள். நாளைய தேதிக்கு எண் இல்லை. சின்னதாக ஒரு கோடு.

"கட்டி போயிடுச்சுன்னு அர்த்தமா?"

"அதுக்குப் பூஜ்யம் போடுவோம். கோடுன்னா... அளக்க ஆள் இல்லைன்னு."

அக்கா அதற்குமேல் எதையும் காதில் வாங்கவில்லை. சோதனையிலிருந்து விலகும் படிவத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"குறையுது அக்கா! என் கையை நான் பார்க்கலையா?" தங்கை அழுதாள்.

"நீ உயிரோட இருடி. எனக்கு அது போதும்."

மறுநாள் காலை வீட்டில் தங்கை எழுந்தாள், குளித்தாள், கோபத்தோடு சாப்பிட்டாள். அக்காவுக்கு மலையைப் புரட்டிய பெருமிதம். பதினொரு மணிக்கு நர்ஸ் போனில் கூப்பிட்டாள்.

"உங்க தங்கச்சி இல்லாததால இன்னைக்கு அளவுத் தாள்ல கோடு போட்டுட்டேன், மேடம். தகவலுக்குச் சொன்னேன்."

அந்தக் கோடு சாவைக் குறிக்கவே இல்லை. அவள்தான் அதை வரையவைத்திருக்கிறாள்.

"நான் இப்பவே கூட்டிட்டு வரேன்!"

"விலகினவங்களைத் திரும்பச் சேர்க்க விதியில்லை, மேடம். மருந்துப் பெட்டியை சீல் வச்சு அனுப்பிட்டாங்க."

போனை வைத்தவள், டாக்டரிடம் நேரில் போய்க் கெஞ்சியாவது பார்க்கலாம் என்று மேசைமேல் இருந்த விலகல் படிவத்தின் நகலை எடுத்தாள். பின்பக்கம் நேற்று வெறுமையாக இருந்தது.

இப்போது அதில் பென்சில் எழுத்து.

இன்றைய தேதி, பதினான்கு. அடுத்த வாரம், பதினேழு. அதற்கடுத்த வாரம், இருபத்திரண்டு. முப்பத்தொன்று. நாற்பத்தெட்டு.

அதோடு எண்கள் நின்றுவிட்டன. தாளில் இன்னும் பாதி இடம் மிச்சமிருந்தது.

"என்னக்கா அது?" என்றபடி தங்கை ஈரத் தலையோடு வந்தாள்.

அக்கா கடைசித் தேதியின்மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லடி."

விரலுக்கு அடியில் தாள் மெல்ல அதிர்ந்தது. யாரோ அடியிலிருந்து சின்னதாக ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.