பூச்சியத்தில் நின்ற றிவேர்ப்

ஒலிபெருக்கிப் பெட்டியில் எதிரொலியைக் கூட்டிக் குறைக்கும் றிவேர்ப் திருகியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகும் கிற்றாரின் ஓசை அடங்கவில்லை. சதீசன் தந்திகளை உள்ளங்கையால் அமத்திப் பிடித்தான். அப்போதும் அது அந்த மாடி அறைக்குள், ஈரச் சுவர்களில் பட்டுத் திரும்புவதுபோல, சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

நாட்டில் சண்டை முடிந்து மூன்றாவது மாதம். செட்டிபாளையத்தில் கோயில் திருவிழாவுக்கு நெடுங்காலத்துக்குப் பிறகு இசைக்குழு மேடை ஏறப்போகிறது. ஒத்திகைக்கு வேறு இடம் அகப்படாததால், சுனாமியோடு பூட்டிப்போட்ட தன் வீட்டு மாடியைக் குழுத் தலைவன் அருமைநாயகம் அரைமனதோடு திறந்துவிட்டிருந்தான். அவன் சதீசனின் மனைவி கேதீஸ்வரிக்குப் பெரியப்பா மகன். அலை வந்த காலையில் சதீசன் மட்டக்களப்பு ரவுண் கடைத்தெருவில் நின்றான். "கடைசிமட்டும் அவள்ர கையை விடல்ல மச்சான், தண்ணிதான் பறிச்சிட்டுது" என்று அருமைநாயகம் கதறியதை நம்பித்தான் இந்த நாலரை வருசமும் அவனுக்குச் சோறு இறங்கியது.

"மச்சான், இந்தப் பெட்டியில ஏதோ பிழை. றிவேர்ப் இல்லாமலே எதிரொலிக்குது."

கீபோர்டின் முன்னால் இருந்த அருமைநாயகம் நிமிரவில்லை. "நிப்பாட்டிப்போட்டு வா, தேத்தண்ணி குடிப்பம்."

பிழையைப் பிடிக்காமல் சதீசனால் எழும்ப முடியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருகியை மெல்ல மெல்லக் கூட்டினான். சேற்று வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் மூக்கில் ஏறின, வெளியே அமைதியாகக் கிடந்த கடல் காதுக்குள் இரைந்தது, அந்த இரைச்சலுக்குள்ளால் ஈரக் கால்கள் படியேறி ஓடிவந்தன, பிறகு மாடிக் கதவில் உள்ளங்கைகள் படபடவென்று அடித்தன.

அவன் தந்தியைத் தொடவேயில்லை.

ஹெட்போன் வயரைப் பிடுங்கினான். சத்தம் ஸ்பீக்கருக்குத் தாவியது.

"அண்ணே, கதவத் திறங்க. கழுத்துக்கு வந்திட்டு. திறங்கண்ணே."

கேதீஸ்வரி.

அருமைநாயகத்தின் விரல்கள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றன. ஸ்பீக்கருக்குள் இன்னொரு மூச்சு. கதவுக்கு உள்பக்கம். மிகக் கிட்ட. அருமைநாயகத்தின் குரல்தான்.

"ஏலாதுடி. திறந்தா எல்லாரும் ஏறிருவானுகள்."

தாழ்ப்பாள் இறுகியது.

சதீசன் அவன் பக்கம் திரும்பினான். "கையை விடல்லையெண்டாய்."

"மாடி தாங்காதெண்டு பயந்திட்டன் மச்சான்…"

"என்ர வீட்டில வந்து அவளுக்குப் படைச்ச சோற்றைத் திண்டாய். ஒவ்வொரு வருசமும்."

சதீசன் மின்சார வயரை இழுத்தான். பெட்டியின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது. ஸ்பீக்கர் ஓய்ந்தது.

அருமைநாயகம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. குமிழிகள் வந்தன.

தலைமயிர் மேலே எழுந்து மெதுவாக அசைந்தது. இடுப்பில் கட்டிய சாரத்தின் கரை மிதந்தது. கால்கள் தரையை விட்டன. தரை காய்ந்து கிடந்தது. தூசிகூடக் கலையவில்லை.

அவன் ஏறிக்கொண்டே போனான். கூரையின் கொங்கிறீட் தட்டில் முகத்தை அழுத்தி, உதடுகளைக் குவித்து, மூச்சுக்கு ஒரு விரற்கடை இடம் தேடினான்.