கண்ணாடியின் உள்பக்கம்

மனிதனை மிருகத்திடமிருந்து பிரிப்பது மொழியுமல்ல, நெருப்புமல்ல; தட்டை நக்காமல் எழுந்துபோய்க் கை கழுவும் திறமை மட்டுமே. வாத்தியார் இதைச் சிரிக்காமல் சொல்வார். ஹோட்டல் சிப்பந்திகளுக்கு மேசை நாகரிகம் சொல்லித்தருவது அவர் பிழைப்பு. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை என்பது அவர் பெருமை.

அவருடைய ஒரே தோல்வி வீட்டுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் கால் கடுக்க நின்றுவிட்டு வரும் நர்ஸ் மனைவி, சாப்பிட்டு முடித்ததும் விரலைச் சூப்புவாள். அவளைத் திருத்தத்தான், செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழங்கால நீதிப்படம் ஒன்றின் நகலைச் சட்டம் போட்டு, அவள் நாற்காலிக்கு நேரெதிரே மாட்டினார். படத்தில் ஒரு குண்டன் தட்டைத் தூக்கி நக்கிக்கொண்டிருந்தான். மேசைக்கடியில் அவன் பெண்டாட்டி, எலும்பும் தோலுமாக.

"யாருங்க இந்தப் பெரியவரு? உங்க பக்கத்துச் சொந்தமா?"

"பாத்தாவது கத்துக்கோ."

சிரித்தாள். ஆனால் அந்த வாரத்திலேயே வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வாத்தியார் அதை வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பிறகுதான் கறை தெரிந்தது. குண்டனின் வாய்க்கு நேரே, கண்ணாடியில், மஞ்சளாக ஒரு மங்கல். துடைத்தார். போகவில்லை. உள்பக்கம். பின்னால் ஒட்டிய நாடா ஒட்டியபடியே இருந்தது, அதைக் கிழித்துப் பின்னட்டையைப் பிரித்தார், காகிதம் உலர்ந்திருந்தது, கண்ணாடியில் மட்டும் ஆறிப்போன கொழுப்பு, கீழிருந்து மேலாக அகலமான இழுப்பு இழுப்பாகப் படிந்திருந்தது, அதிலிருந்து, அடைத்துக்கொண்ட சாக்கடையும் நாள்கணக்கில் பல் துலக்காத வாயும் கலந்த வாடை வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி மாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும்.

"உன் வேலையா?"

"அதக் கையால தொடவே எனக்குக் குமட்டுதுங்க." அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அதக் கழட்டுங்க, வந்துடுறேன். வேற ஒண்ணும் கேக்கல."

"ஒரு காகிதத்துக்காகவா வீட்ட விட்டுப் போற?"

"ஒரு காகிதத்துக்காகவா என்னைய விடுறீங்க?"

கதவு சாத்திக்கொண்டது.

அவள் இல்லாத வீட்டில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. குழாய்ச் சொட்டு அல்ல. பூனையும் இல்லை. சாப்பாட்டு அறையிலிருந்து, ஈரமாக, அவசரமில்லாமல், எதையோ வழித்து வழித்து எடுக்கும் சத்தம். இவர் ரொட்டியைக் கடித்தால் நிற்கும், விழுங்கினால் தொடங்கும். முதல் நாளே ரொட்டியைத் தள்ளி வைத்தவர் பிறகு எதையும் சாப்பிடவில்லை. நாலாம் நாள், கௌரவத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைவிடப் பெண்டாட்டி முக்கியம் என்று முடிவெடுத்தார். 'கழட்டுறேன், வந்துடு' என்று செய்தி அனுப்பினார். நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கண்ணாடி சூடாக இருந்தது.

குனிந்து பார்த்தார். தட்டைக் காணோம். குண்டனின் முகம் இப்போது கண்ணாடியை ஒட்டி இருந்தது. கோடு கோடாக நாக்கு. அதன் மேல் மாவு மாதிரி வெள்ளை. கோடுகளுக்கு இடையே ஏதோ ஊறியது. வாடை ஏறியது. ஓங்கரித்தார். கண்ணில் நீர் வந்தது.

வாயிலும் ஊறியது.

பல்லைக் கடித்தார். இன்னும் ஊறியது. பசி. நாலு நாள் பசி.

ஃபோன் அடித்தது. திரையில் மனைவியின் முகம். எடுக்க வேண்டும். 'கழட்டிட்டேன்' என்ற ஒரு வார்த்தை போதும். வாய் சும்மா இல்லை.

அடித்து ஓய்ந்தது. வாத்தியார் நிமிரவில்லை. முதுகு நேராக. முழங்கை மேசையில் படாமல். துளிச் சத்தம் வராமல். கீழிருந்து மேலாக நக்கினார். கண்ணாடியின் அந்தப் பக்கம் இன்னொரு நாக்கு, இவர் நாக்கு போன இடமெல்லாம் கூடவே வந்தது.