ஆவுடையப்பன் வீட்டுக் காபி

நாற்பதாவது முறையாக ஆவுடையப்பன் காபி டம்ளரைத் தட்டிவிட்டார். செத்து நூற்றிருபது வருடமாகியும் மனுஷனுக்குக் கோபம் மட்டும் அடங்கவில்லை.

இயக்குநர் சுடர்விழி தலையில் அடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் சரித்திரப் படத்துக்கு நடிகர்கள் கிடையாது. செத்தவர்கள் எழுதிவைத்த கடிதங்களைப் படித்து, அவர்கள் மனசையே இயந்திரம் வார்த்தெடுக்கும். அந்த மனவார்ப்பு ஒளியுடம்பில் ஏறித் தானே பேசும், தானே நடிக்கும். வசனம் எழுதிக் கொடுத்தாலும் கேட்டால்தானே!

எழுத்தாளர் ஆவுடையப்பனும் அவர் மனைவி சௌந்தரமும் போட்ட சண்டைகள் ஊரறிந்தவை. படத்தில் அவையெல்லாம் பிரமாதமாக வந்துவிட்டன. பாக்கி ஒரே காட்சி. இரண்டு பேரும் சேர்ந்து காபி குடித்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால், இத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு அவள் ஏன் முப்பது வருடம் அவரோடு இருந்தாள் என்பது யாருக்கும் விளங்காது. குடும்பத்தார் கொடுத்த அனுமதியோ இன்று மாலையோடு சரி. ஐந்து வருட உழைப்பும் பாழ்.

"ஆறிப்போச்சுன்னு வாயால சொன்னா என்ன? தட்டித்தான் விடணுமோ?" என்று ஆரம்பித்தாள் சௌந்தரம். நாற்பத்தொன்றும் போச்சு.

சுடர்விழி வார்ப்பாளர் வேம்பரசனைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் அன்பைக் கூட்டித் தொலைக்கக் கூடாதா என்று கேட்டாள். அவர் முந்நூற்றுச் சொச்சம் கடிதங்களையும் திரையில் விரித்தார். அத்தனையும் சௌந்தரம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது இருவரும் எழுதியவை.

"ஒரே வீட்ல சந்தோஷமா இருந்தப்ப எதுக்கு மேடம் லெட்டர் எழுதப்போறாங்க? நல்ல நாளையெல்லாம் வாயாலேயே பேசி முடிச்சிட்டாங்க. நம்ம கைல இருக்கறது சண்டை மட்டும்தான்."

சுடர்விழி கைபேசியை எடுத்து, கணவன் பரிதியோடு பரிமாறிக்கொண்ட செய்திகளைப் பார்த்தாள். 'சாவி எங்கே', 'போனை எடு', 'உன்கிட்ட பேசிப் பிரயோசனமில்ல'. பதினான்கு வருடமும் இதுதான். அவள் களைத்து வந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் தோசை வார்த்துக் கொடுப்பது இதில் ஒரு வரிகூட இல்லை. நாளைக்கு இவர்களை யாராவது வார்த்தெடுத்தால்?

மனசு கேட்காமல், 'நீ இல்லாம எனக்கு எதுவுமே ஓடாது' என்று தட்டி அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. 'இது யாருக்கு அனுப்ப வேண்டியது?'

அனுமதி முடிய அரைமணிதான் இருக்கிறது என்று வேம்பரசன் சொன்னது அவள் காதில் விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாணத்தன்று அவன் தாமதமாக வந்ததிலிருந்து தொடங்கி, விலாவாரியாகப் பதில் எழுத ஆரம்பித்தாள்.